சுமையைத் தரையில் இறக்காதீர்கள்

எங்கள் ஊருக்குப் பஸ் வராத காலம் அது. அம்மா வாழைத்தாரைத் தலையில் ஏற்றிக்கொண்டு கொல்லிமலையிலிருந்து பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்குவாள். எட்டு வயதுப் பையனாக நான் பின்னாலேயே ஓடுவேன். வழியில் நான்கு இடங்களில் நிற்பாள். களைப்பு வந்ததா இல்லையா என்று பார்க்கவே மாட்டாள்; இடம் வந்தால் நின்றுவிடுவாள். நான்கும் தோளுயரப் பாறைகள். "தரையில எறக்குனா திருப்பித் தூக்கிவிட ஆள் வேணும் கண்ணு. பாறையில சாச்சா நானே ஏத்திக்குவேன்" என்பாள். சமவெளியில் இதற்காகவே சாலையோரம் சுமைதாங்கிக் கல் நட்டு வைத்தார்கள்.

வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிப்பதற்கான பயிற்சியில் சேரப் போகிறோம், எப்படிச் சமாளிப்பது என்று நம் மலைப் பிள்ளைகள் சிலர் என்னிடம் வந்து கேட்டார்கள். 41 வயதில் அந்தப் பயிற்சியை முடித்து, ஓமானில் ஆறு ஆண்டுகள் கற்பித்துத் திரும்பியவன் நான். எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அம்மாவின் பாறைக் கணக்குதான்.

1. முதலில் மணிக்கணக்கைப் போடுங்கள்.

கேம்பிரிட்ஜ் வழங்கும் 'செல்டா' சான்றிதழை எடுத்துக்கொள்வோம். வகுப்பு, பயிற்சிப் பாடம், ஆலோசனை எல்லாம் சேர்த்துக் குறைந்தது 120 மணி நேரம். வீட்டில் படிக்க, எழுத, பாடம் தயாரிக்க இன்னொரு 80 மணி நேரமாவது வேண்டும். ஆக மொத்தம் 200. முழுநேரமாக நான்கு வாரத்தில் முடித்தால் வாரத்துக்கு 50 மணி. பகுதிநேரமாக இருபது வாரத்தில் முடித்தால் வாரத்துக்கு 10 மணி. வேலைக்குப் போய்க்கொண்டே முழுநேரப் பயிற்சியையும் முடித்துவிடலாம் என்று நினைப்பவர் இந்தப் பெருக்கலைச் செய்து பார்க்காதவர். இந்தப் பயிற்சியின் மூதாதை 1962இல் லண்டனில் ஜான் ஹேக்ராஃப்ட் தொடங்கிய இரண்டு வாரப் பயிற்சி. அவசரம் இதன் பிறவிக் குணம். நிதானத்தை நாம்தான் கொண்டு போக வேண்டும்.

2. மலையின் காலத்தைப் பார்த்துச் சேருங்கள்.

கார்த்திகை, மார்கழியில் காப்பிப் பழம் பறிப்பு. தை, மாசியில் மிளகு. வீட்டில் எல்லோரும் மூங்கில் ஏணியும் சாக்குமாக இருக்கும்போது நீங்கள் மட்டும் மடிக்கணினி முன் உட்கார்ந்தால், உடல் அங்கே இருக்கும், மனம் தோட்டத்தில் இருக்கும். ஆடி பதினெட்டில் வல்வில் ஓரி விழாவுக்குச் சொந்தபந்தம் எல்லாம் வந்து இறங்கும். அந்த வாரத்தில் பயிற்சிப் பாடம் வராதபடி பாருங்கள்.

இணையவழிப் பயிற்சி என்றால் இன்னொன்றும் உண்டு. பிரிட்டன் நேரப்படி நடக்கும் வகுப்பு அங்கே காலை 10 மணி என்றால், குளிர்காலத்தில் நமக்குப் பிற்பகல் 3.30, கோடையில் 2.30. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றும் நாட்கள். இரண்டையும் சுவரில் எழுதி ஒட்டுங்கள். மழை நாளில் மின்சாரமும் சிக்னலும் சேர்ந்தே போகும் ஊர் நம்முடையது. பாடம் எடுக்கும் நாட்களில் மட்டுமாவது செம்மேட்டிலோ அடிவாரத்திலோ ஓர் இடம் பார்த்து வையுங்கள்.

3. இலக்கணத்தைச் சேரும் முன்பே முடியுங்கள்.

பயிற்சிக்குள் போனபிறகு இலக்கணம் படிக்க நேரம் கிடைக்காது. மூன்று மாதம் முன்பே தொடங்கி, நாளைக்கு அரை மணி நேரம். இரண்டே புத்தகம் போதும்: ரேமண்ட் மர்ஃபியின் 'இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்', ஜிம் ஸ்க்ரிவனரின் 'லேர்னிங் டீச்சிங்'. பத்துப் புத்தகம் வாங்கி அடுக்குவதும் ஒருவகைப் பயம்தான்.

படிக்கும்போது விதியை மனப்பாடம் செய்யாதீர்கள். பொருளைக் கேள்வியாக மாற்றிப் பழகுங்கள். 'ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்ற வாக்கியத்தை எடுங்கள். "இப்போதும் இங்கேதான் இருக்கிறாரா?" ஆம். "வந்து எத்தனை ஆண்டு?" பத்து. இனி 'ஹேவ்' இல்லாமல் 'ஐ லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்று பாருங்கள். அதே முதல் கேள்விக்கு, "இப்போது இல்லை" என்பது விடை. நம் பேச்சில் இதே வேறுபாடு உண்டு: "பத்து வருஷமா இங்க இருக்கேன்", "பத்து வருஷம் இங்க இருந்தேன்". தமிழில் 'ஆக'வும் நிகழ்காலமும் சேர்ந்து செய்யும் வேலையை அங்கே 'ஹேவ்' செய்கிறது. இப்படி ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம் என்று தொண்ணூறு வாக்கியம் சேர்த்து வைத்தால், பயிற்சியின் நடுவில் உங்கள் இரவுத் தூக்கம் மிச்சமாகும்.

4. ஒரு பாடத்துக்கு மூன்று மணி நேரம். அதற்கு மேல் வேண்டாம்.

பயிற்சி முழுவதிலும் உண்மையான மாணவர்கள் முன் நீங்கள் நின்று கற்பிப்பது மொத்தம் 6 மணி நேரம். அது துண்டு துண்டாக, பெரும்பாலும் நாற்பது, நாற்பத்தைந்து நிமிடப் பாடங்களாக வரும். அதற்குத் தயாரிப்பதில்தான் எல்லோரும் முறிந்துபோகிறோம்.

இரண்டாம் வாரம் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பாடத்துக்காக அறுபது வண்ண அட்டைகளை வெட்டினேன். முடிக்கும்போது விடிகாலை மூன்று மணி. காலையில் வகுப்பில் நின்றேன். முன் வரிசையில் இருந்த பெண் ஒருவர், பலகையில் நான் எழுதிய ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டார். நானே எழுதிய சொல். விளக்க வாய் வரவில்லை. அட்டைகள் மேசையில் அழகாக அடுக்கியபடி இருந்தன. அன்று நான் தேறவில்லை. அதற்கடுத்த பாடத்தைப் பன்னிரண்டு அட்டையோடு, இரவு பத்து மணிக்குப் படுத்து எழுந்துபோய் எடுத்தேன். தேறினேன்.

முதல் மணி நேரம்: பாடத்தின் முடிவில் மாணவர் எதைச் செய்ய முடிய வேண்டும் என்று ஒரே வரியில் எழுதி, அதிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள். இரண்டாம் மணி நேரம்: தாள்கள், கேள்விகள். மூன்றாவது: வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நேரத்தைக் குறியுங்கள். பிறகு மூடி வையுங்கள். உங்கள் தூக்கமும் பாடத் தயாரிப்பில் ஒரு பகுதி.

5. எழுத்துப் பணியைக் கொடுத்த அன்றே தொடங்குங்கள்.

நான்கு கட்டுரைகள். ஒவ்வொன்றும் 750 முதல் 1000 சொற்கள். கொடுத்த அன்றே தலைப்பும் நான்கு குறிப்பும் எழுதிவிடுங்கள். பிறகு நாளைக்கு இருநூறு சொற்கள். திருத்தி மறுபடி தர ஒருமுறை வாய்ப்பு உண்டு. அதைத் தோல்வியாக நினைத்து ஒரு நாளை அழுது கழிக்க வேண்டாம். விதியில் எழுதியிருக்கும் வழிதான் அது.

6. நிற்கும்போது அடுத்த அடியை எழுதிவிட்டு நில்லுங்கள்.

பிள்ளைகளே, அம்மாவின் பாறை இதுதான். களைத்து விழுந்தபிறகு எடுக்கும் ஓய்வில் சுமை தரைக்குப் போய்விடுகிறது. மூன்று நாள் புத்தகத்தைத் தொடாமல் இருந்துவிட்டு மறுபடி உட்கார்ந்தால், எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே ஒரு மாலை போய்விடும். தூக்கிவிட ஆள் தேட வேண்டியிருக்கும். ஆகவே ஓய்வு நாளை முதலிலேயே குறியுங்கள். முழுநேரப் பயிற்சியில் வாரத்துக்கு ஒரு அரை நாள். பகுதிநேரத்தில் ஐந்து வாரத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் பாதிச் சுமை. நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும் அந்த நாளில் நின்றுவிடுங்கள். நிற்கும் முன் ஒரு துண்டுத் தாளில், "திங்கள் காலை: மூன்றாம் கட்டுரை, இரண்டாம் பத்தி, உதாரணம் சேர்க்க வேண்டும்" என்று எழுதி வையுங்கள். சுமை தோளுயரத்திலேயே காத்திருக்கும்.

7. குறை சொல்லும்போது பதில் சொல்லாதீர்கள், எழுதிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பாடத்துக்குப் பிறகும் பயிற்றுநரும் உடன் பயில்பவர்களும் உங்கள் பாடத்தைப் பிரித்துப் பேசுவார்கள். பெரியவர் பேச்சுக்கு மறுபேச்சு கூடாது என்று வளர்ந்த நமக்கு இரண்டு ஆபத்து: ஒன்று, தலையாட்டிவிட்டு உள்ளே குமுறுவது, மற்றது, சொன்ன எல்லாவற்றையும் நாளையே திருத்தப் புறப்படுவது. ஏழு குறை சொன்னால் அடுத்த பாடத்துக்கு ஒன்றை மட்டும் எடுங்கள். என் முதல் குறை, நான் பேசும் நேரம் அதிகம் என்பது. இரண்டு பாடம் முழுக்க அதை மட்டும் பார்த்தேன். கேள்வி கேட்டபின் மனதுக்குள் ஐந்து எண்ணினேன். மாணவர்கள் பேசத் தொடங்கினார்கள்.

8. உடன் பயில்பவரைப் போட்டியாளராக நினைக்காதீர்கள்.

சும்மாடு கட்டிய தலைக்கும் முதலில் சுமையைத் தூக்கிவிட இன்னொரு கை வேண்டும். பயிற்சிப் பாடக் குழுவில் அதிகம் போனால் ஆறு பேர் இருப்பீர்கள். ஒருவர் நன்றாகச் செய்வதால் இன்னொருவர் மதிப்பெண் குறையாது. தாள்களைப் பகிருங்கள். ஒருவர் பாடம் எடுக்கும்போது அடுத்தவர் கூர்ந்து பாருங்கள். அனுபவமுள்ள ஆசிரியர்களின் வகுப்பை 6 மணி நேரம் பார்ப்பதும் பயிற்சியில் ஒரு பகுதி. பலர் அதை ஓய்வு நேரமாகக் கழித்துவிடுகிறார்கள். நான் அதிகம் கற்றது அங்கேதான்.

9. எல்லா முறைகளையும் ஒரே மாதத்தில் விழுங்க வேண்டாம்.

சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். பெங்களூரு திட்டம் என்று உலகமெங்கும் அதைப் படிக்கிறார்கள். ரயில் கால அட்டவணையைப் பார்த்துக் கேள்விக்கு விடை காண்பது போன்ற வேலைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். விடை தேடும் போக்கில் மொழி தானாகப் படியும் என்பது அவர் எண்ணம். அதே பிரபு 1990இல், எல்லோருக்கும் சிறந்த ஒரே முறை என்று ஒன்று இல்லை என்றும், தான் செய்வது ஏன் பலிக்கிறது என்ற உணர்வு ஆசிரியருக்குள் உயிரோடு இருக்க வேண்டும் என்றும் எழுதினார். நம் பக்கத்து வகுப்பறைகளில் பிறந்த இந்த அறிவை மறக்காதீர்கள். பயிற்சியில் ஒரு முறையைத் தெளிவாகச் செய்து காட்டினால் போதும். மற்றவை ஆண்டுக்கணக்கில் வரும்.

10. உங்கள் நாக்கைப் பற்றி வெட்கப்படாதீர்கள்.

சில வேலை விளம்பரங்கள் இன்ன நாட்டுப் பாஸ்போர்ட் வேண்டும் என்றே கேட்கும். அது அநியாயம்தான். அதை நினைத்துப் பயிற்சிக் காலத்தின் சக்தியைச் செலவழிக்காதீர்கள். ஆங்கிலத்தைக் கற்று அடைந்தவருக்கு, கற்பவர் எங்கே இடறுவார் என்று தெரியும்.

அரபு மொழியில் 'அம்பு' என்பதில் வரும் ஒலி உண்டு. 'பல்' என்பதில் வரும் ஒலி இல்லை. அதனால் ஓமானில் என் மாணவர்களின் வாயில் வண்டி நிறுத்துமிடத்துக்கும் நாய் குரைப்பதற்கும் உள்ள ஆங்கிலச் சொற்கள் ஒன்றாகிவிடும். நமக்கோ எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. அவர்கள் சங்கடம் எனக்கு உடனே புரிந்தது. ஒரு துண்டுத் தாளை வாய்க்கு முன் பிடித்து, பேனாவின் ஆங்கிலப் பெயரைச் சொல்லச் சொன்னேன். சரியாகச் சொன்னால் காற்றில் தாள் அசையும். நம் 'பல்'லுக்கே அது சரியாக அசையாது. நானும் தாளைப் பிடித்துக்கொண்டேன். ஆசிரியரும் மாணவரும் ஒன்றாக ஊதிக் கற்ற அந்த வகுப்பை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

11. தேர்ச்சி போதும். தாள்களை முன்கூட்டியே கவனியுங்கள்.

சான்றிதழில் 'பாஸ்', 'பாஸ் பி', 'பாஸ் ஏ' என்று மூன்று படி. பெரும்பாலோர் பெறுவது முதலாவது. வேலைக்கு அது போதும். 'ஏ' வேண்டும் என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பட்டச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரையோ தூதரகச் சான்றொப்பமோ எது தேவை என்று போகும் நாட்டின் விதியைப் பார்த்து, பயிற்சிக்கு முன்பே அந்த வேலையை ஆரம்பியுங்கள். நேரில் பாடம் எடுக்கும் பகுதியே இல்லாத மலிவான இணையச் சான்றிதழை வாங்கும் முன் இருமுறை யோசியுங்கள்.

12. இது நீண்ட நடை.

நம் மலைக்கு இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லின் பிராண்டும். தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்படுத்திய டாக்டர் பால் பிராண்ட் 1914இல் அவர்களுக்குப் பிறந்து இங்கே வளர்ந்த மகன். 1929இல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். ஈவ்லின் அறுபது வயதைக் கடந்து ஓய்வு பெறும் காலத்தில் மறுபடி மலைக்கே வந்து உழைத்தார். 1974இல், 95 வயதில் மறைந்தார். அந்நிய மொழியைக் கற்று, அந்நிய மண்ணில் நின்று, இத்தனை ஆண்டு ஒருவரால் நடக்க முடிந்தது. உங்கள் பயிற்சி சில வாரம்தான். அதற்குப் பின் வரும் ஆண்டுகளுக்கும் மூச்சு மிச்சம் இருக்க வேண்டும்.

இன்று காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி பஸ் வந்துவிடுகிறது. பழைய பாதையில் யாரும் போவதில்லை. போன மாதம் நான் போய்ப் பார்த்தேன். நான்கு பாறையும் பாசி பிடித்து அப்படியே இருக்கின்றன. சந்தையிலிருந்து உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு ஏறும்போதும் அம்மா அதே நான்கு இடத்தில்தான் நிற்பாள். அன்று என்ன சுமை, எவ்வளவு கனம் என்பதெல்லாம் மாறும். நிற்கும் இடம் மாறாது.

ஒரு நாட்காட்டியை எடுத்து, உங்கள் நான்கு பாறைகளையும் அதில் குறித்து என்னிடம் கொண்டு வாருங்கள். எந்த நிலையத்தில் சேரலாம் என்பதை அதன் பிறகு உட்கார்ந்து பேசுவோம்.