வெண்மணியில் கேமராவை எப்போது எடுப்பது?

கேள்வி: கல்லூரிப் புகைப்படக் குழுவோடு கீழவெண்மணி நினைவிடத்துக்குப் போகிறோம். எப்படிப் படமெடுப்பது? மனதை எப்படித் தயார்செய்வது?
– வாசகி, பொத்தேரி

பதில்: 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் சேரி தாக்கப்பட்டது. ராமய்யா என்பவரின் குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

தாம்பரத்தில் ரயில் ஏறும் முன்பே, பாரதி கிருஷ்ணகுமாரின் ‘ராமய்யாவின் குடிசை’ ஆவணப்படத்தைக் குழுவாகப் பார்த்துவிடுங்கள். பார்த்த பிறகு பேசவும் நேரம் ஒதுக்குங்கள். அழுகை வந்தால் வரட்டும். யாராவது வர மறுத்தால் வற்புறுத்த வேண்டாம்.

அங்கே போனதும் கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். நினைவுக் கல்லில் உள்ள, கொல்லப்பட்டவர்களின் பெயர்களை முதலில் வாசியுங்கள்.

போலந்தில், இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில், கொல்லப்பட்டவர்களின் தலைமுடி வைத்திருக்கும் அறையில் படமெடுக்கவே தடை. அங்குள்ள தண்டவாளத்தில் கைவிரித்து நடந்து ‘போஸ்’ கொடுத்தவர்களை 2019-இல் அந்த அருங்காட்சியகம் வெளிப்படையாகக் கண்டித்தது. வெண்மணியிலும் செல்ஃபி வேண்டாம்.

இன்னொன்று, இதுதான் முக்கியம்: வெண்மணி மக்கள் வாழும் ஊர். பெரியவர்களிடம் வணக்கம் சொல்லி, உட்கார்ந்து பேசி, கேட்டுக்கொண்டு எடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். எடுத்த படத்தை அச்சிட்டு அவர்களுக்கே அனுப்பிவையுங்கள்.