ஈரற் புற்றுநோயும் வளர்ச்சிக் காரணி வாங்கிகளும்



கலங்கள், இழையுருப்பிரிவு, நொதியங்கள் ஆகியவற்றை விஞ்ஞான பாடத்தில் தனித்தனியாகக் கற்றிருப்பீர்கள். இவை ஒரு நோயில் எவ்வாறு ஒன்றுசேர்கின்றன என்பதை இவ்வலகில் பார்ப்போம். கணித பாடத்தில் கற்ற இடையமும் இறுதியில் நமக்குத் துணைக்கு வரும்.

1. ஈரலின் தனித்தன்மை

ஈரல் வயிற்றறையின் வலப்புறத்தில், பிரிமென்றகட்டின் கீழ் அமைந்துள்ளது. சத்திரசிகிச்சையில் அதன் ஒரு பகுதி அகற்றப்பட்டாலும், எஞ்சிய ஆரோக்கியமான பகுதி வளர்ந்து ஏறத்தாழப் பழைய பருமனை அடையும். அப்போது ஈரற் கலங்களுக்குப் "பிரிவடையுங்கள்" என்ற கட்டளையைக் கொண்டு செல்பவற்றுள் வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்கள் முக்கியமானவை. இக்காரணிகளைக் கண்டறிந்தமைக்காக ஸ்ரான்லி கோஹன், ரீற்றா லெவி-மொன்ரல்சினி ஆகிய இருவரும் 1986இல் நோபல் பரிசு பெற்றனர்.

2. கட்டளை செல்லும் பாதை

(அ) வளர்ச்சிக் காரணி, கலமென்சவ்வில் பதிந்துள்ள வாங்கி என்னும் புரதத்துடன் பொருந்தும்.
(ஆ) வாங்கிகள் இரண்டிரண்டாக இணையும். அவற்றின் உட்பகுதி நொதியமாகத் தொழிற்பட்டு, பொசுபேற்றுக் கூட்டங்களை இணைக்கும்.
(இ) கலத்தினுள் இருக்கும் ராஸ், ராஃப் முதலிய புரதங்கள் ஒன்றையடுத்து ஒன்றாகத் தூண்டப்படும்.
(ஈ) செய்தி கருவை அடையும். கலம் பிரியும்.

வீட்டு வாசலிலுள்ள அழைப்பு மணியை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தும் விரல் வளர்ச்சிக் காரணி. பொத்தான் வாங்கி. சுவரினுள் செல்லும் கம்பி ராஸ், ராஃப் புரதங்கள். உள்ளே ஒலிக்கும் மணி கலப்பிரிவு. வேலை முடிந்ததும் விரல் எடுக்கப்பட வேண்டும். புற்றுநோயில் மணி ஓயாமல் ஒலிக்கிறது.

3. ஈரலில் பிழை ஏற்படும் விதம்

ஈரல் அழற்சி 'பி', 'சி' வைரசுகள், மதுசாரம், ஈரலில் கொழுப்புப் படிதல், பூஞ்சணம் பிடித்த தானியங்களிலும் நிலக்கடலையிலும் உண்டாகும் அஃப்லரொக்சின் என்னும் நஞ்சு ஆகியன ஈரற் புற்றுநோய்க்கு வழிவகுக்கும். இவற்றால் நீண்டகாலம் பாதிக்கப்படும்போது கலங்கள் இறக்கின்றன. ஈரல் தன்னைத் திருத்தப் புதிய கலங்களை ஆக்குகிறது. இது பல ஆண்டுகள் தொடரும்போது தழும்புகள் பெருகி ஈரலரிப்பு உண்டாகலாம். விகாரங்களும் சேர்கின்றன. காயத்தை ஆற்ற வந்த கட்டளையே கட்டியை வளர்க்கும் கட்டளையாக மாறிவிடுகிறது. மேலும், கட்டி குருதிக்கலன் வளர்ச்சிக் காரணியைச் சுரந்து, தனக்கு வேண்டிய குருதிக்கலன்களையும் வரவழைக்கிறது.

4. மருந்துகள்

சொராஃபெனிப்: குளிசையாக உட்கொள்ளப்படுவது. குருதிக்கலன்களின் வாங்கிகளையும் ராஃப் புரதத்தையும் தடுக்கும். அதாவது, பொத்தானையும் கம்பியையும் ஒருங்கே தடுக்கும். ஐக்கிய அமெரிக்காவில் 2007இல் ஈரற் புற்றுநோய்க்கு அனுமதிக்கப்பட்டது. உள்ளங்கை, உள்ளங்கால் தோற் பாதிப்பும் வயிற்றோட்டமும் இதன் பக்கவிளைவுகளாகும்.

பெவசிசுமாப்: பிறபொருளெதிரி வகையைச் சேர்ந்தது. வாங்கியைத் தடுக்காமல், வளர்ச்சிக் காரணியையே பிடித்துக்கொள்ளும். அதாவது, விரல் பொத்தானை அடையாது. நிர்ப்பீடனத் தொகுதிக்கு உதவும் அற்றெசொலிசுமாப்புடன் சேர்த்து வழங்கும் முறை 2020இல் அங்கு அனுமதிக்கப்பட்டது.

எல்லா முயற்சிகளும் வெற்றி பெறவில்லை. மேற்றோல் வளர்ச்சிக் காரணியின் வாங்கியைத் தடுக்கும் ஏர்லொற்றினிப், சொராஃபெனிப்புடன் சேர்த்துப் பரிசோதிக்கப்பட்டது. 2015இல் வெளியான முடிவின்படி, அது ஆயுளைக் கருதத்தக்க அளவில் நீடிக்கவில்லை. கலத்துக்குப் பல வாங்கிகள் உண்டு. ஒரு பாதை அடைபட்டால் வேறொரு பாதையால் செய்தி செல்லலாம்.

5. எண்களைச் சரியாக வாசித்தல்

முற்றிய ஈரற் புற்றுநோயுள்ள 602 பேரிடம் செய்யப்பட்ட ஆய்வொன்று 2008இல் வெளியானது. மருந்தற்ற போலிக் குளிசை பெற்றோரின் வாழ்நாள் இடையம் 7.9 மாதங்கள். சொராஃபெனிப் பெற்றோரின் இடையம் 10.7 மாதங்கள். வித்தியாசம் 2.8 மாதங்கள்.

இங்கே பலர் தவறுவிடுகின்றனர். "மருந்து எடுத்தவர்கள் 10.7 மாதங்களில் இறந்துவிடுவர்" என்பது பிழை. ஏறத்தாழப் பாதிப்பேர் அதற்குக் குறைவாகவும், பாதிப்பேர் அதைவிடக் கூடுதலாகவும் வாழ்ந்தனர் என்பதே பொருள். வீட்டில் ஒருவருக்கு இந்நோய் வந்த வேளையில் இவ்வெண் கண்ணிற்பட்டால், இவ்வேறுபாடு உங்களுக்குப் பெரிதாகத் தெரியும். இடையம் தனியொருவருக்கு இடப்பட்ட தவணை அன்று.

6. நினைவிற் கொள்க

- வாங்கியைத் தடுக்கும் மருந்துகள் முற்றிய நோயில் காலத்தை நீட்டுவன. பெரும்பாலும் நோயை முற்றாக அகற்றுவதில்லை.
- ஆகவே தடுப்பே சிறந்தது. ஈரல் அழற்சி 'பி' தடுப்பூசி இலங்கையின் தேசிய நிர்ப்பீடனத் திட்டத்தில் 2003இல் சேர்க்கப்பட்டது.
- மதுசாரத்தைத் தவிர்த்தல், உடல் நிறையைப் பேணுதல், பூஞ்சணம் பிடித்த உணவை விலக்குதல் ஆகியன நம் கையில் உள்ளவை.

பயிற்சி வினாக்கள்

1. வாங்கி கலத்தின் எப்பகுதியில் அமைந்துள்ளது?
2. சொராஃபெனிப், பெவசிசுமாப் ஆகியன தொழிற்படும் விதத்தில் உள்ள ஒரு வேறுபாட்டைத் தருக.
3. "ஈரலின் வலிமையே அதன் ஆபத்தாகவும் அமைகிறது." விளக்குக.

விடைக் குறிப்பு: 3ஆம் வினாவுக்குக் காரணங்களை மட்டும் பட்டியலிட வேண்டாம். கல இழப்பு, மீண்டும் மீண்டும் பிரிவு, விகாரம், கட்டுப்பாடற்ற வளர்ச்சி என்னும் ஒழுங்கில் தொடர்புபடுத்தி எழுதுக.