‘தம்பி, நீங்க தமிழா?’

கேள்வி: எனக்கு ஊர் இலங்கையில் சவளக்கடை. ஆறு மாதமாகக் கோலாலம்பூரில், கோம்பாக்கில் இருக்கும் சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது வாப்பா சொன்ன ஒரே புத்திமதி, “முன்பின் தெரியாத ஆக்களோட கதைக்காத மகன்” என்பதுதான். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்காக ரயிலில் மஸ்ஜித் ஜாமிக் பக்கம் போனேன். உம்மாவோடு போனில் கதைத்து முடித்ததும், எதிரே இருந்த வயதானவர், “தம்பி, நீங்க தமிழா?” என்று கேட்டார். “இல்லை, முஸ்லிம்” என்றேன். அவருடைய முகம் மாறிவிட்டது. “நானும் முஸ்லிம்தான் தம்பி. வீட்டில பேசுறது தமிழ். அதைத்தான் கேட்டேன்” என்றார். எனக்கு மறுவார்த்தை வரவில்லை. அடுத்த நிலையத்தில் இறங்கிவிட்டேன். அதன் பிறகு இரண்டு வெள்ளிக்கிழமைகளில் அவரைத் தூரத்தில் கண்டேன், பக்கத்தில் போகவில்லை. நான் சொன்னது பிழையா? தெரியாத ஆட்கள் இப்படிக் கதை கொடுத்தால் என்ன செய்வது?

– பெயர் வேண்டாம்

பதில்: நீங்கள் சொன்னது பிழையில்லை, மகன். ஆனால் அது நம்முடைய நாட்டுக்குள் மட்டும் விளங்குகிற பதில்.

இலங்கையில் ‘தமிழர்’, ‘முஸ்லிம்’ என்றால் இரண்டு இனங்களின் பெயர். பிறப்புச் சான்றிதழில் நாம் இலங்கைச் சோனகர். 1888இல் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன், ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் ஒரு கட்டுரை வாசித்தார். சோனகர் இனத்தால் தமிழர், மார்க்கத்தால்தான் வேறு என்பது அவருடைய வாதம். அதை மறுத்து ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் ஒரு நூலே எழுதினார். பிரதிநிதித்துவம், பதவி, பிறகு சண்டை, இடப்பெயர்வு என்று அந்த வாதத்தின் மேல் எத்தனையோ வந்து ஏறிவிட்டது. ரயிலில் யோசிக்காமல் உங்கள் வாயில் வந்த “இல்லை” அவ்வளவு பழையது.

அந்தப் பெரியவருக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. மலேசியாவில் இருக்கும் தமிழ் முஸ்லிம்களில் நிறையப் பேருடைய மூத்தவர்கள் இராமநாதபுரம், நாகப்பட்டினம், கடையநல்லூர்ப் பக்கமிருந்து போனவர்கள். அவர்களுக்குத் தமிழ் மொழி, இஸ்லாம் மார்க்கம். ஒன்றைச் சொன்னால் மற்றது அழியாது. நீங்கள் உம்மாவோடு கதைத்த தமிழ் காதில் விழுந்திருக்கிறது. ஆசையில் கேட்டிருக்கிறார். உங்களுடைய “இல்லை” அவருக்கு ‘உம்மோடு எனக்குப் பேச்சில்லை’ என்று கேட்டிருக்கும். அதுதான் முகம் மாறியது.

இனி யாரும் கேட்டால் ஒரே மூச்சில் சொல்லுங்கள்: “இலங்கைச் சோனகர், எங்கட வீட்டுப் பாஷை தமிழ்.” இதில் நீங்கள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. கேட்டவரும் தள்ளிப்போக மாட்டார். பிறகு எந்த ஊர் என்பார்கள். கொழும்பு என்று சொல்லித் தப்ப வேண்டாம். சவளக்கடை என்றே சொல்லுங்கள். மலாய்க்காரரிடம் சொன்னால் இன்னும் நல்லது. கடையை அவர்கள் ‘கெடாய்’ என்கிறார்கள், அது நம்முடைய ‘கடை’தான். உங்கள் ஊர்ப் பெயரின் பின்பாதி அவர்களுக்குத் தெரிந்த சொல். கப்பல், கட்டில், முதல் எல்லாமே இப்படிக் கடல் கடந்து போய் அங்கே குடியிருக்கின்றன. அங்கிருந்து நமக்கு வந்தது சாரனும் தொதலும்.

என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் மருதமுனை. 1993இல் கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்தேன். அது நம் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் ஊருக்குள் மற்றவர் போகப் பயந்த காலம். புடுராயா பஸ் நிலையத்தில் டிக்கெட் வரிசையில் நிற்கிறேன், எனக்குப் பின்னால் ஒருவர் யாரிடமோ “மறுகா வாறன்” என்றார். மறுகா! மட்டக்களப்பு, அம்பாறைக் கரையை விட்டால் அந்தச் சொல்லை வேறெங்கே கேட்பது? உடம்பு சிலிர்த்துவிட்டது. திரும்பி, “நீங்க எவ்விடம்?” என்றேன். பாண்டிருப்பு. எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். அவர் இந்து, கூலி வேலைக்கு வந்தவர். மருதமுனை என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். எனக்கும் உள்ளுக்குள் பயம். பிறகு கேட்டார்: “தறிச் சத்தம் இன்னும் கேக்குதா தம்பி?”

அவருடைய தாய் எங்கள் தெருவில் சாரன் வாங்கிப் போய் ஊரில் விற்றவராம். எங்கள் உம்மாவும் தறியில் இருந்தவர். இருவரும் பஸ்ஸை விட்டுவிட்டோம். தேத்தண்ணி குடித்துக்கொண்டு, எந்தத் தெருவில் எந்த வீட்டில் எத்தனை தறி என்று எண்ணினோம். நடுவில் அவர், “எங்கட ஆக்கள் செஞ்சதும் பிழை” என்றார். “எங்கட ஆக்கள் செஞ்சதும்” என்றேன். ஊரில் வைத்து இந்த இரண்டு வசனங்களை எங்கள் இருவராலும் சொல்லியிருக்க முடியாது. கேட்க வேறு ஆள் இல்லாத இடம், நாளைக்குக் காணப்போவதில்லை என்ற நிச்சயம், இரண்டும் சேர்ந்துதான் வாயைத் திறந்தன. அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அந்தக் கவலை இன்றும் இருக்கிறது.

வாப்பாவின் சொல்லைத் தள்ளிவிடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. கதைப்பது வேறு, கையில் இருப்பதைக் கொடுப்பது வேறு. “உங்க பெயரில வங்கிக் கணக்குத் திறந்து அட்டையைத் தாங்க, மாதாமாதம் காசு தாறேன்” என்று ஒருவர் இனிக்க இனிக்கப் பேசினால் அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள். மலேசியாவில் அதற்குக் ‘கழுதைக் கணக்கு’ என்று பெயர். மோசடிக் காசைச் சுமப்பது அந்தக் கணக்கு, பொலிஸ் தேடி வருவது கணக்கின் சொந்தக்காரனை. கடவுச்சீட்டை, அதன் படத்தைக்கூட, கொடுக்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பார்சலை ஊருக்குக் கொண்டுபோகச் சம்மதிக்காதீர்கள். மாணவர் விசாவில் குடிவரவுத் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் வேலை செய்ய முடியாது, யார் என்ன உறுதி தந்தாலும். இவ்வளவையும் காத்துக்கொண்டால் ரயிலில் ஒரு முதியவரோடு நாலு வார்த்தை கதைப்பதில் வாப்பாவுக்கும் மறுப்பு இருக்காது.

பரதேசத்தில் யாரும் கதைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பழைய பயணி இப்னு பதூதா எழுதிவைத்திருக்கிறார். 1325இல், 21 வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டவர் தூனிஸ் நகரத்துக்கு வந்து சேர்கிறார். வரவேற்க வந்த ஊரார் மற்றவர்களுக்கெல்லாம் சலாம் சொல்கிறார்கள், அவரைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தாங்க முடியாமல் அழுதுவிடுகிறார். கூட வந்த ஹாஜிகளில் ஒருவர் அதைக் கண்டு, பக்கத்தில் வந்து சலாம் சொல்லிக் கதை கொடுக்கிறார். அதே மனிதர் 1344இல் நம்முடைய தீவில் கரையிறங்கியபோது, யாழ்ப்பாண அரசர் ஆரியச்சக்கரவர்த்தி அவரோடு பாரசீகத்தில் உரையாடினார் என்றும் எழுதியிருக்கிறார்.

வருகிற வெள்ளி அந்தப் பெரியவரைக் கண்டால் நீங்கள் முந்திச் சலாம் சொல்லுங்கள். “அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை” என்று ஒரு வார்த்தை போதும், விளக்கம் அவர் கேட்டால் மட்டும். அவருடைய மூத்தவாப்பா எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார் என்று விசாரியுங்கள். பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்க் கதையும் சொல்லலாம்: சவளக்கடைக்கு வரும் வழியில் கிட்டங்கிப் பாலத்தில் வெள்ளம் ஏறினால் நம் ஆட்கள் கல்முனைக்கு எப்படி வந்து போகிறார்கள் என்று அவருக்குச் சொல்லுங்கள். உம்மா தொதல் அனுப்பினால் ஒரு துண்டு அவருக்கு எடுத்து வையுங்கள். அதற்கு அங்கேயும் ‘டோடோல்’ என்றுதான் பெயர்.