அமைதிப்படையும் அறநெறியும்

இருவர் பொருகின்ற இடத்திலே மூன்றாமவர் இடைப்புகுந்து நிற்றல் நம் முன்னோர்க்குப் புதிதன்று. உறையூரிலே நெடுங்கிள்ளியும் நலங்கிள்ளியும் பகைத்து நின்றகாலை, கோவூர் கிழார் இடைநின்று அறிவுரை கூறியமை புறநானூறு கற்றார் அறிவர். அப்புலவர் தனியராய்ச் சென்றார். இக்காலத்திலோ பன்னாட்டுப் படைஞர் கூடி அத்தொழில் செய்கின்றனர். அதில் நேரும் சட்டச் சிக்கலும் அறச் சிக்கலும் எத்தகையன என்பதைக் கொரியாவில் நம் நாட்டுப் படை பட்ட பாட்டைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

1950-ல் மூண்ட கொரியப் போர் 1953 ஜூலை 27-ல் ஓய்ந்தது. சமரசப் பேச்சு ஈராண்டு நீண்டதற்குப் பெருங்காரணம் போர்க்கைதிகளைப் பற்றிய வழக்கேயாம். சண்டை ஓய்ந்ததும் கைதிகளைத் தாமதமின்றித் தாயகத்துக்கு அனுப்புக என்பது 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் 118-ஆம் பிரிவு. தாயகம் செல்ல மறுக்கும் கைதியை என்செய்வது என அப்பிரிவு கூறிற்றில்லை. சட்டத்தின் சொற்படியே அனைவரையும் அனுப்புதல் வேண்டுமெனச் சீனரும் வடகொரியரும் வாதித்தனர். விரும்பாதவனை வன்மையால் அனுப்புதல் கொடுமையென மறுபக்கத்தார் வாதித்தனர்.

இந்தியா முன்மொழிந்த நடுவழியை ஐக்கிய நாடுகள் சபை 1952 டிசம்பர் 3-ல் ஏற்றது. அதனையொட்டிப் போர்நிறுத்தத்தின்போது இந்தியா, சுவீடன், சுவிட்சர்லாந்து, போலந்து, செக்கோஸ்லோவாக்கியா என்னும் ஐந்து நாடுகளின் ஆணைக்குழு அமைந்தது. அதன் தலைவர் ஜெனரல் திம்மய்யா. காவற்படைத் தலைவர் ஜெனரல் தோரட். தென்கொரிய அரசு தன் மண்ணில் இந்தியர் கால்வைக்கலாகாது என்றமையால், கப்பலில் வந்த நம் வீரர் ஹெலிகாப்டர்களிலே நடுநிலப் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஒருபுறம் 22,600-க்கு மேற்பட்ட கைதிகளும் மறுபுறம் 359 பேரும் அவர்கள் காவலில் வந்தனர்.

இனி வந்ததே இடுக்கண். முள்வேலிக்கு வெளியே இந்தியர் காவல். உள்ளேயோ கைதிகளின் தலைவர்கள் ஆட்சி. தாயகம் செல்ல விரும்புவோன் தன் தோழரால் அடியுண்பான். வன்மையால் உட்புகுந்தால் பலர் மாள்வர். புகாதிருந்தால் ஒவ்வொருவனுடைய உண்மை விருப்பம் யாது என்பது வெளிப்படாது. ஓர் இந்திய அதிகாரியைக் கைதிகள் பிடித்துவைத்தபோது, தோரட் தாமே உட்சென்று பேசி, குண்டு வெடியாமலே அவரை மீட்டார். ஆயினும் அக்டோபர்த் தொடக்கத்தில் காவலர் சுட நேர்ந்து கைதிகள் சிலர் உயிரிழந்தனர். கைதிகளுக்கு விளக்கங்கூற வகுத்த 90 நாட்களில் ஏறத்தாழ 10 நாட்களே அப்பணி நடந்தது. பின்னர், கைதிகளை விடுதலை செய்யத் தமக்கு அதிகாரமில்லை எனக் கண்ட திம்மய்யா, 1954 ஜனவரியில் அவர்களை முன்பு வைத்திருந்தோரிடமே ஒப்புவித்தார். இருபக்கத்தாரும் குறை கூறினர்.

இச்சிக்கல் அன்றோடு ஒழிந்ததன்று. ஐக்கிய நாடுகளின் சாசனத்திலே அமைதிப்படை என்னும் சொல்லே இல்லை. அப்படையினன் குற்றஞ்செய்யின் அவனைத் தண்டித்தல் அவனை அனுப்பிய நாட்டின் பொறுப்பு. 2010-ல் ஹெய்ட்டியில் அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்து காலரா பரவிப் பல்லாயிரவர் மாண்டனர். அவர்தம் உற்றார் தொடுத்த வழக்கை, சபைக்குள்ள சட்டக்காப்பைக் காட்டி அமெரிக்க நீதிமன்றங்கள் தள்ளின. சபைத் தலைவர் 2016-ல் மன்னிப்புக் கேட்டார். காப்பாற்ற வந்தவரால் கேடுற்றோர் முறையிட ஓரிடம் வேண்டாவோ?

யான் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தான். எம் உப்பளங்களிலே பாத்தியிரண்டின் நடுவே நிற்கும் வரப்பை இருபுறத்து நீரும் அரிக்கும். ஆயினும் அதனை நாடோறும் மிதித்துச் செப்பனிடுவாரேயன்றி வேண்டாவென்று வெட்டியெறிவாரில்லை. அமைதிப்படையும் அவ்வரப்பு அனையதே. அதனைச் செப்பனிடும் மண் தெளிவான சட்டமாம்.

இருபக்கமும் வேண்டாவென்ற கைதிகள் 88 பேர் 1954 பெப்ரவரியில் நம் படையினரோடு கப்பலேறிச் சென்னைத் துறைமுகம் அடைந்தனர். ஒற்றனென்று பிடியுண்ட இளந்தத்தன் என்னும் புலவனைக் கோவூர் கிழார் சாவினின்று காத்தார். அவர் காத்தது ஓருயிர். அமைதிப்படையின் வெற்றியையும் அவ்வாறே ஒவ்வோருயிராக எண்ணியே அளத்தல் வேண்டும். சமாதானஞ் செய்வோரை மலைப்பிரசங்கத்திலே வாழ்த்திய ஆண்டவர், அப்பணி எளிதென்று யாண்டும் உரைத்தாரல்லர்.