மடக்குக் கத்தியைப் படிக்கக் கற்போம்

பேனாக்கத்தி என்ற சொல் நம் வீடுகளில் சாதாரணமாகப் புழங்குகிறது. பேனாவுக்கும் கத்திக்கும் என்ன உறவு என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் நாம் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? எஃகு நிப்பு வருவதற்கு முன் ஐரோப்பாவில் பறவை இறகைச் சீவி, மையில் தோய்த்து எழுதினார்கள். முனை மழுங்கும்போதெல்லாம் மீண்டும் சீவிக்கொள்ள, பையில் அடங்கும் சிறு கத்தி ஒன்று தேவைப்பட்டது. இறகு போய் நிப்பு வந்தது, பென்சில் வந்தது, பால்பாயிண்ட் பேனாவும் வந்தது. கத்தி மட்டும் பழைய பெயரை விடவில்லை.

தபால் தலை, நாணயம் சேகரிப்பதைப் போல மடக்குக் கத்தி சேகரிப்பதும் பல நாடுகளில் உள்ள பொழுதுபோக்கு. ஒரு வேறுபாடு உண்டு. தபால் தலையைக் கண்ணால் பார்த்தால் போதும். கத்தியைக் கண்ணோடு காதாலும் விரலாலும் பார்க்க வேண்டும். அதன் வேலைப்பாட்டில் முக்கால் பங்கு வெளியே தெரியாது. பளபளப்பைப் பார்த்து மயங்கி வாங்குகிறவர்களும், தாத்தாவின் நல்ல கத்தியைத் துருப்பிடித்த இரும்பு என்று பழைய சாமான்காரரிடம் போடுகிறவர்களும் ஒரே காரணத்தால்தான் ஏமாறுகிறார்கள். எதைப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லித் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உள்ளே என்ன இருக்கிறது?

பழைய முறை மடக்குக் கத்தியில் முக்கிய உறுப்புகள் சிலவே. வெட்டும் பகுதி அலகு. அலகின் அடிப்பாகம் ஆணி கோத்த கட்டையான துண்டு. இதை அடிக்கட்டை என்று அழைப்போம். கத்தியின் முதுகு நெடுகப் பட்டையான எஃகு ஸ்பிரிங் ஒன்று படுத்திருக்கும். இருபுறமும் பித்தளைத் தகடுகள். அவற்றின்மேல் கொம்பு, எலும்பு அல்லது மரத்தாலான பிடி. இரு முனைகளிலும் தேய்மானத்தைத் தாங்க உலோகக் கவசம். இது பெரும்பாலும் ஜெர்மன் சில்வர். பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பவை செம்பு, நிக்கல், துத்தநாகம். எல்லாவற்றையும் பிணைத்து நிற்பவை சில ரிவெட் ஆணிகள். திருகு கிடையாது, ஆகவே ஆணியை அடித்து முடித்தபின் எதையும் திருத்துவது கடினம்.

இவ்வகைக் கத்தியில் அலகைத் திறந்த நிலையில் நிறுத்துவதற்குப் பூட்டு இல்லை. ஸ்பிரிங் அடிக்கட்டையை அழுத்துவதால்தான் அலகு நிற்கிறது. அலகைத் திருப்பும்போது அடிக்கட்டையின் மூலை ஸ்பிரிங்கைத் தூக்குகிறது; மூலை கடந்ததும் ஸ்பிரிங் சட்டென்று சமதளத்தில் விழுகிறது. நாம் கேட்கும் 'டக்' என்ற ஓசை அதுதான்.

ரயில் பெட்டிகளின் அடியில் உள்ள பட்டை ஸ்பிரிங்கைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரே சட்டம் இரண்டையும் ஆளுகிறது: பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. கனத்தில் பத்தில் ஒரு பங்கை அரத்தால் தேய்த்துவிட்டால் விறைப்பில் ஏறக்குறைய 27 சதவீதம் போய்விடும். கத்தி ஸ்பிரிங்கின் கனமோ சில மில்லிமீட்டர்தான். அதில் அரத்தை எப்போது நிறுத்துவது என்பதைக் கைதான் அறியும். நல்ல கத்தியின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

காது, விரல், வெளிச்சம்

சேகரிப்பவர்கள் கத்தியின் 'நடை', 'பேச்சு' என்று இரண்டைச் சொல்லுவார்கள். அலகு தடங்கலின்றி ஒரே சீராகத் திரும்புவது நடை. முடிவில் தெளிவாக 'டக்' என்று விழுவது பேச்சு. ரயில் நிலையத்தில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, ஓசையைக் கேட்டே விரிசலைக் கண்டுபிடிப்பார்களே, அதே கலைதான். ஒரு பழைய கத்தி கையில் கிடைத்தால் கீழ்க்கண்ட வரிசையில் சோதியுங்கள்.

1. மெதுவாகத் திறந்து மூடிக் கேளுங்கள். மந்தமான ஓசை என்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது உள்ளே அழுக்கு அடைத்திருக்கும். அழுக்கென்றால் எண்ணெய் விட்டுச் சுத்தம் செய்ததும் பேச்சு திரும்பிவிடும்.

2. முழுதும் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் முதுகின்மேல் விரலை ஓட்டுங்கள். ஸ்பிரிங் மேடாகவோ பள்ளமாகவோ தட்டுப்படக் கூடாது. பாதி திறந்த நிலையில் நிற்கும் கத்திகளில் அந்த மூன்றாம் நிலையிலும் சமமாக இருந்தால், செய்தவர் கைதேர்ந்தவர் என்று தயங்காமல் சொல்லலாம். ஒரே ஸ்பிரிங்கை மூன்று நிலைக்கும் பொருத்துவது எளிதன்று.

3. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஸ்பிரிங்குக்கும் பித்தளைத் தகட்டுக்கும் இடையே ஒளிக்கோடு தெரியக் கூடாது.

4. திறந்த அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். சிறிது ஆடினால் ஆணி தேய்ந்திருக்கிறது. மேலும் கீழும் ஆடினால் அடிக்கட்டையே தேய்ந்திருக்கிறது. இது பெரிய குறை.

5. மூடிய நிலையில் அலகின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கூர்விளிம்பில் ஒரே இடத்தில் நசுங்கல் இருந்தால், மூடும் ஒவ்வொரு முறையும் அது உள்ளே ஸ்பிரிங்கில் மோதுகிறது என்று பொருள்.

எஃகின் பதம்

ஒரே கத்தியில் இரண்டு குணம் கொண்ட எஃகு வேண்டும். அலகு கடினமாக இருந்தால்தான் கூர் நிற்கும். ஸ்பிரிங் அத்தனை கடினமாக இருந்தால் ஒடிந்துவிடும். அதற்கு வளைந்து மீளும் குணம் வேண்டும். செந்தணலாகக் காய்ச்சி எண்ணெயிலோ நீரிலோ தோய்த்தபின், மீண்டும் இளஞ்சூடு காட்டிப் பதம் பார்ப்பது இதற்காகத்தான். வெப்பமானி இல்லாத காலத்தில் எஃகின் மேல் படரும் நிறமே அளவுகோல். 230 டிகிரி செல்சியஸ் அளவில் வைக்கோல் நிறம், அது அலகுக்கு. 300 டிகிரி அளவில் நீலம், அது ஸ்பிரிங்குக்கு. இன்றைய ஸ்விஸ் ராணுவக் கத்தியிலும் இந்தக் கணக்கு மாறவில்லை. விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் கணக்கில் அலகு ராக்வெல் அளவில் 56, ஸ்பிரிங் 49.

இதிலிருந்து ஓர் எச்சரிக்கை. தெருவில் வரும் சாணைக்காரரின் உலர்ந்த சக்கரத்தில் தீப்பொறி பறக்கப் பிடித்தால், மெல்லிய விளிம்பு நொடியில் நீலமாகிவிடும். நீலம் பட்டால் பதம் போயிற்று. பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. தண்ணீர் அல்லது எண்ணெய் விட்ட சாணைக்கல்லில் கையால் தீட்டுவதே முறை.

நான்கு ஊர்கள், நான்கு விடைகள்

அலகை மடக்க வேண்டும், திறந்தால் நிற்கவும் வேண்டும். இந்த ஒரே கேள்விக்கு ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு விடை கண்டது.

ஷெஃபீல்ட் (இங்கிலாந்து): இங்கே கத்தித் தொழிலாளர் சங்கம் 1624-இல் சட்டப்படி அமைந்தது. ஒருவர் அலகு அடிப்பார், ஒருவர் சாணை பிடிப்பார், ஒருவர் பொருத்துவார். சாணைக்கல் தூளைச் சுவாசித்து நுரையீரல் கெட்டு இளவயதில் மாண்டவர்கள் அவ்வூரில் ஏராளம். பழைய கத்தியைக் கையில் எடுக்கும்போது இதையும் நினைக்க வேண்டும். அவ்வூர் ஜோசஃப் ராஜர்ஸ் நிறுவனத்தின் கத்தி இந்தியா முழுவதும் பெயர் பெற்றது; நட்சத்திரமும் சிலுவையும் அதன் முத்திரை. 1851-ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சிக்கு இந்நிறுவனம் 75 அலகுகள் கொண்ட ஒரு கத்தியைச் செய்து அனுப்பியது. அவ்வூரின் மரபுக் கைவினைஞர்களுள் ஒருவரான ஸ்டான் ஷா, ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு இத்தொழிலில் இருந்து, 2017-இல் அரசு விருது பெற்று, 2021-இல் காலமானார்.

ஈபாக் (சுவிட்சர்லாந்து): கார்ல் எல்செனர் 1884-இல் இங்கே பட்டறை தொடங்கினார். 1897-இல் அவர் பதிவு செய்த அதிகாரிகள் கத்தியின் சூட்சுமம், ஸ்பிரிங்கின் இருபுறமும் வேலை வாங்கியதுதான். இரண்டே ஸ்பிரிங்குகளில் ஆறு கருவிகள்! எடையும் குறைந்தது, கனமும் குறைந்தது. தாயார் விக்டோரியாவின் பெயரோடு, துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' 1921-இல் சேர்ந்து விக்டோரினாக்ஸ் ஆயிற்று.

சவாய் (பிரான்ஸ்): ஆல்ப்ஸ் மலைக் கொல்லர் குடும்பத்தைச் சேர்ந்த ஜோசஃப் ஒபினெல் 1890-இல் செய்த கத்தியில் ஸ்பிரிங்கே கிடையாது. மரப்பிடியில் ஒரு பிளவு, அலகு, ஆணி, உலோக வளையம், அவ்வளவுதான். 1955-இல் திருப்பிப் பூட்டும் இன்னொரு வளையம் சேர்ந்தது. விவசாயி வாங்கக்கூடிய விலையில் இருந்த கத்தி இது. நம் மும்பை, கல்கத்தா மழைக்காலத்தில் மரம் ஊறி அலகு இறுகிக்கொள்ளும். அப்போது பூட்டு வளையத்தைத் தளர்த்திவிட்டு, பிடியின் பின்முனையை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு சிறிது வெளியே வரும். இது அம்மலைக்காரர்களே செய்யும் உபாயம்.

ராம்பூர் (உத்தரப் பிரதேசம்): மொரதாபாதுக்கும் பரேலிக்கும் இடையே ரயிலில் போகிறவர்கள் இவ்வூரைக் கடந்திருப்பார்கள். ராம்பூரி சாகு என்றதும் இந்திப்பட வில்லன்தான் நினைவுக்கு வருவான். இதில் அலகின் அடியில் பற்கள் வெட்டியிருப்பதும் உண்டு. திறக்கும்போது 'கட கட' என்று ஒவ்வொரு பல்லாகக் கொக்கியில் விழும். அந்தப் பற்களைச் சம இடைவெளியில் கையால் அரத்தில் வெட்டுவது சாமானிய வேலையல்ல. நீளமான அலகுக்கு அரசு விதித்த கட்டுப்பாடு ஒருபுறம், மலிவான இயந்திரக் கத்திகள் மறுபுறம் என்று தொழில் நலிந்துவிட்டது. 2023-இல் ராம்பூரில் ஒரு நாற்சந்தியில் சுமார் 20 அடி நீளத்துக்கு ராம்பூரிக் கத்தியின் சிலை வைத்தார்கள். சிலை வைத்தது நல்லதுதான். பற்களை வெட்டத் தெரிந்த கைகள் அடுத்த தலைமுறையிலும் இருக்குமா என்பதே கேள்வி.

நமக்கும் இதில் ஒரு பங்கு

1795-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் என்பவர் 'வூட்ஸ்' என்னும் இந்திய எஃகைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை படித்தார். அதைச் சோதிக்க ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி வினைஞர் அந்த எஃகில் அடித்தது எதை என்று நினைக்கிறீர்கள்? ஒரு பேனாக்கத்தியைத்தான்! நம் 'உருக்கு', கன்னடத்து 'உக்கு' என்னும் சொல்லே வூட்ஸ் ஆயிற்று என்று அறிஞர் கூறுவர். தமிழ்நாட்டில் கொடுமணல், மேல்சிறுவளூர் ஆகிய ஊர்களில் இவ்வகை எஃகு உருக்கியதற்கான தடயங்கள் கிடைத்துள்ளன. ஷெஃபீல்ட் கத்திகளின் மான்கொம்புப் பிடிக்கும் இந்தியக் கடம்பைமான் கொம்பு கப்பலேறியது.

பாதுகாப்பதும் சட்டமும்

பழைய கார்பன் எஃகில் படியும் சாம்பல் கலந்த கறுப்பு, துரு அல்ல. வீட்டு அரிவாள்மணையில் மாங்காயும் எலுமிச்சையும் நறுக்கி நறுக்கிப் படியும் அதே கறுப்புதான். அதைத் தேய்க்காதீர்கள், அது ஓரளவு காப்பு. சிவப்பாக உதிர்வதே துரு. அதை மட்டும் எண்ணெய் தொட்ட துணியால் பொறுமையாக எடுக்க வேண்டும். பாலிஷ் மெஷினில் கொடுத்தால் அடிக்கட்டையில் உள்ள முத்திரை அழிந்துபோகும். முத்திரை போனால் செய்தவர் யார், எந்த ஊர் என்பதும் போயிற்று.

மூட்டில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் நாளடைவில் பிசினாகி நடையைக் கெடுக்கும். தோல் உறையிலேயே போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுக்கும். செல்லுலாய்டு பிடி கொண்ட பழைய கத்தியைத் தனியே வையுங்கள்; அதிலிருந்து கசியும் ஆவி பக்கத்துக் கத்திகளையும் அரித்துவிடும்.

சட்டத்தை அறியாமல் இப்பொழுதுபோக்கில் இறங்கக் கூடாது. வீட்டுப் பயன், விவசாயம், தொழில் முதலியவற்றுக்கென அமையாத கத்தியின் அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால், அது ஆயுதச் சட்ட விதிகளின் கீழ் வரும். தில்லியில் 1980-இல் வெளியான அறிவிக்கை இன்னும் கடுமையானது. பொத்தான், பற்சக்கரம் போன்ற விசையால் இயங்கும் கத்தியின் அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டினாலே அது கட்டுப்பாட்டுக்குள் வரும் என்கிறது. யானைத்தந்தப் பிடி, மான்கொம்புப் பிடி கொண்டவற்றை வாங்குவதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உங்களைச் சிக்கவைக்கும். விமானத்தில் போகிறவர்கள் கைப்பையில் எந்தக் கத்தியும் வைக்க வேண்டாம். சேகரிப்பு வீட்டில், பூட்டிய பெட்டியில், பிள்ளைகளுக்கு எட்டாமல் இருக்கட்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் நிறைய வாங்க வேண்டியதில்லை. நல்லதாக ஒன்று போதும். அதைத் திறந்து மூடி, நடையும் பேச்சும் காதில் பழகினால் மற்றதெல்லாம் தானே வரும். கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பரணிலும் தகரப் பெட்டியிலும் தேடிப் பாருங்கள். கிடைத்தால் யாருடைய கத்தி, எங்கே வாங்கினார், எதற்குப் பயன்படுத்தினார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, ஒரு சீட்டில் எழுதிக் கத்தியோடு வையுங்கள். முத்திரை கத்தி செய்தவரின் பெயரைச் சொல்லும். வைத்திருந்தவரின் பெயரை அந்தச் சீட்டுதான் சொல்லும்.