300 கோடி எழுத்தில் உங்களுக்கு வேண்டியது எது?

கேள்வி:

டொக்டர், வட்டவளையில் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். என் அக்காவின் மகனுக்கு நான்கு வயது. தலசீமியா என்று சொல்லி, மாதாமாதம் இரத்தம் ஏற்றக் கண்டிக்குக் கூட்டிப் போகிறார்கள். இப்போது எனக்கு மாமா மகனைப் பேசுகிறார்கள். எனக்கும் அப்படி ஒரு பிள்ளை பிறக்குமோ என்று பயமாக இருக்கிறது. முழு ஜீனோமையும் வாசிக்கும் பரிசோதனை செய்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அதற்காகக் காசு சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். செய்யலாமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். மலைக்காட்டுத் தவளைக்கும் தேயிலைக்கும்கூட டீ.என்.ஏ. வாசிக்கிறார்கள் என்று வகுப்பில் சொன்னபோது, "அதனால் நமக்கு என்ன டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. என்ன சொல்வது? ஆராய்ச்சிக்கு என்று யாராவது எங்கள் லயத்துக்கு வந்து இரத்தம் கேட்டால் கொடுக்கலாமா?

– ஆசிரியை, வட்டவளை

பதில்:

டீச்சர், சேர்த்த காசை வேறு தேவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பயத்தைத் தீர்க்க முழு ஜீனோமும் வேண்டாம். அரசாங்க வைத்தியசாலையில் எடுக்கும் இரத்தப் பரிசோதனை போதும்.

நம் இரத்தத்தில் ஒட்சிசனைக் கொண்டுபோவது ஹீமோகுளோபின். அதன் ஒரு பகுதியான பீற்றா சங்கிலியை உருவாக்கும் மரபணு 11ஆவது நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அம்மா தந்தது ஒன்று, அப்பா தந்தது ஒன்று என்று எல்லோரிடமும் அதற்கு இரண்டு பிரதிகள் உண்டு. இரண்டில் ஒன்று மட்டும் பழுதானவரைக் காவி என்கிறோம். காவிக்கு நோய் இல்லை. அவர் கொழுந்து பறிப்பார், மலை ஏறுவார், தான் காவி என்று தெரியாமலே முழு ஆயுளும் வாழ்வார். காவிகள் இருவர் மணந்தால்தான் சிக்கல். ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு, காவியாகப் பிறக்க நான்கில் இரண்டு, எதுவும் இல்லாமல் பிறக்க நான்கில் ஒன்று. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி வராது என்று கணக்குப் போட முடியாது. அடுத்த கர்ப்பத்துக்கும் அதே கணக்குத்தான். இதை உங்கள் அக்காவுக்கும் அத்தானுக்கும் கட்டாயம் சொல்லுங்கள்.

அக்கா மகனுக்கு நோய் இருப்பதால் அக்காவும் அத்தானும் காவிகள். அக்காவுக்கு அது உங்கள் அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ வந்திருக்கும். அப்படியானால் நீங்களும் காவியாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அது அம்மா வழியில் வந்ததென்றால், அம்மாவின் உடன்பிறப்பான மாமாவிடமும் அவர் மகனிடமும் அதே பழுது இருக்க இடமுண்டு. சொந்தத்தில் மணம் முடிப்பதில் மருத்துவர்கள் கவனம் வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

முதலில் நீங்கள் முழுமையான இரத்தக் கணக்கெடுப்புச் செய்துகொள்ளுங்கள். காவியின் சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடச் சிறியதாக இருக்கும். அடுத்து ஹீமோகுளோபின் ஏ2 அளவைப் பார்ப்பார்கள். அது 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் பீற்றா தலசீமியாக் காவி. இரும்புச்சத்துக் குறைவும் சிவப்பணுவைச் சிறிதாக்கும், ஏ2 அளவையும் கொஞ்சம் இறக்கிக் காட்டும். தோட்டத்துப் பெண்களிடம் இரத்தசோகை அதிகம் என்பதால் இரும்புச்சத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அக்கா மகனின் மருத்துவ அறிக்கையின் பிரதியைக் கையோடு கொண்டு போங்கள். எந்தப் பழுதைத் தேடுவது என்பது மருத்துவருக்கு அப்போதே தெரிந்துவிடும்.

நீங்கள் காவி இல்லை என்றால், மாமா மகன் காவியாக இருந்தாலும் உங்கள் பிள்ளைக்கு இந்த நோய் வராது. நீங்கள் காவி என்றால் அவரும் பரிசோதிக்க வேண்டும். இருவரும் காவி என்று தெரிந்தால், பெரியவர்கள் நாள் குறிப்பதற்கு முன் நீங்கள் இருவரும் மருத்துவர் முன்னால் உட்கார்ந்து பேசுங்கள். கர்ப்பத்தில் நோயைக் கண்டுபிடித்தாலும், தாயின் உயிரைக் காப்பாற்ற என்றால் அன்றி நம் நாட்டுச் சட்டம் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. ஆகவே இங்கே திருமணத்துக்கு முன் தெரிந்துகொள்வதற்கு மதிப்பு அதிகம். முடிவு உங்களுடையது. காவி என்பது குறை அல்ல, யாருடைய குற்றமும் அல்ல.

இனி ஜீனோமுக்கு வருவோம். மனித ஜீனோம் என்பது ஏறத்தாழ 300 கோடி டீ.என்.ஏ. எழுத்துகள். முதல் வாசிப்பு 1990இல் தொடங்கி 2003 வரை நடந்தது. விடுபட்ட இடங்களை நிரப்பி முழுமையாக்க 2022 ஆயிற்று. இலங்கையில் அதிகம் காணப்படும் பீற்றா தலசீமியாப் பழுதோ அதில் ஒரே ஓர் எழுத்து மாறியது. ஹீமோகுளோபின் ஈ என்ற வகையும் அப்படித்தான். எந்த எழுத்து என்று தெரிந்த பிறகு அந்த ஓர் இடத்தைப் பார்த்தால் முடிந்தது.

முழுவதையும் வாசித்தால் புதுக் குழப்பம் வரும். எந்த மனிதரை எடுத்தாலும், ஒப்பிடுவதற்கு வைத்திருக்கும் பொது ஜீனோமிலிருந்து 40 முதல் 50 லட்சம் இடங்களில் வேறுபடுவார். கிட்டத்தட்ட எல்லாமே தீங்கற்றவை. தீங்கானது எது என்று பிரிக்க, அதே மக்கள் கூட்டத்தில் ஆரோக்கியமாக வாழும் பலரின் ஜீனோம் கையில் இருக்க வேண்டும். தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் நாள் முழுக்க மலையில் நின்றாலும் ஒரு நாள் கூலி விழாது அல்லவா? பதிவில் இல்லாத மக்களின் மரபணு மாற்றத்துக்கும் அதே கதிதான். ஆய்வுகூடம் அதைக் காணும். ஆனால் அது நல்லதா கெட்டதா என்று சொல்லத் தெரியாமல் "பொருள் உறுதியில்லை" என்று எழுதி அனுப்பும். காசும் போய், பயமும் கூடும்.

அந்தப் பதிவில் நாம் எங்கே இருக்கிறோம்? 2016இல் வெளிவந்த ஒரு கணக்கின்படி, நோய்க்கும் ஜீனோமுக்கும் தொடர்பு தேடிய உலக ஆய்வுகளில் பங்கெடுத்தவர்களில் ஏறத்தாழ 81 சதவீதத்தினர் ஐரோப்பிய வழித்தோன்றல்கள். 2015இல் முடிவுற்ற ஆயிரம் ஜீனோம் திட்டத்தில் இருந்த 26 மக்கள் கூட்டங்களில் இலங்கைத் தமிழரும் ஒன்று. அதற்கு இரத்தம் கொடுத்த நூறு பேரளவும் பிரித்தானியாவில் குடியேறியவர்கள். மலையக மக்களைத் தனியாகச் சேர்த்த ஆய்வு ஒன்று 2014இல் வந்தது. வேடர், சிங்களவர், இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர் என 271 பேரின் தாய்வழி டீ.என்.ஏ.யின் சிறு பகுதியை அது வாசித்தது. வரலாற்றுக்கு அது உதவும், நோய்க்குப் போதாது. நம் முன்னோர் புறப்பட்ட தமிழகம் உட்பட இந்தியா முழுவதிலிருந்தும் 10,000 பேரின் ஜீனோம் தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அது நமக்கும் ஓரளவு துணை. ஆனால் மலையகத்துக்கான பதிவு மலையகத்தில்தான் உருவாக வேண்டும்.

சொந்த மக்களை வாசித்ததால் கிடைத்த பலனைப் பாருங்கள். இதயத் தசைக்கான ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட மாற்றத்தை, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்த பெருந்துறை தண்டபாணியும் ஹைதராபாத் ஆய்வாளர் குமாரசாமி தங்கராஜும் இன்னும் பலரும் சேர்ந்து ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். தெற்காசியரில் சுமார் நூற்றுக்கு நான்கு பேரிடம் அது இருக்கிறது; பிற்காலத்தில் இதயம் பலவீனமடையும் அபாயத்தை அது கூட்டுகிறது என்று கண்டார்கள். ஐரோப்பியரை மட்டும் வாசித்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது. 2017இல் தங்கராஜ் குழுவும் ஹார்வர்ட் ஆய்வாளர்களும் தெற்காசியாவின் 260க்கு மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் 81 குழுக்கள், சிறு எண்ணிக்கையான முன்னோர்களிலிருந்து பெருகி, தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே மணம் முடித்து வந்தவை. அத்தை மகனையோ மாமா மகனையோ கட்டாவிட்டாலும், ஒரே சாதிக்குள் நெடுங்காலம் மணந்தாலே அரிய நோய்கள் தலைதூக்கும் என்பதற்கு இது வலுவான சான்று. வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய பாடம் இது.

அப்படியென்றால் முழு ஜீனோம் வாசிப்பு யாருக்கு வேண்டும்? வலிப்பு, வளர்ச்சிக் குறைவு போன்றவற்றால் வருந்தி, எத்தனை கிளினிக் ஏறியும் நோயின் பெயரே தெரியாத குழந்தைக்கு வேண்டும். இளவயதிலேயே புற்றுநோய் பலருக்கு வந்த குடும்பத்தில், முதலில் குறிப்பிட்ட சில மரபணுக்களை மட்டும் வாசிப்பார்கள். மருத்துவர் அனுப்பித்தான் இதற்குப் போக வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் 1983 முதல் மனித மரபியல் பிரிவு இயங்கி வருகிறது.

உங்கள் அக்கா மகனுக்கும் மரபணு ஆராய்ச்சியால் பலன் உண்டு. குருணாகல் தலசீமியா நிலையத்தில் நம் நாட்டு மருத்துவர்களும் ஒக்ஸ்போர்டின் டேவிட் வெதரோலும் ஹீமோகுளோபின் ஈ – பீற்றா தலசீமியா உள்ளவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, 2005இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த நோயாளிகளில் ஒரு பகுதியினர் தொடர்ந்து இரத்தம் ஏற்றாமலே வாழ முடிந்தது. ஒரே பழுது இருந்தும் ஒரு பிள்ளைக்குக் கடுமையாகவும் மற்றொன்றுக்கு மிதமாகவும் நோய் வருவதற்கு வேறு மரபணுக்களும் காரணம். உங்கள் அக்கா மகனுக்கு எந்த வகை என்று அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சொல்லாமல் இரத்தம் ஏற்றுவதை ஒரு மாதமும் தள்ளிப் போடாதீர்கள். ஏற்றும் இரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றும் மருந்தையும் விடக்கூடாது.

இனி உங்கள் மாணவர் கேட்டது. அதற்குப் பதில் நம் மலையின் வரலாற்றிலேயே இருக்கிறது. நம் மூதாதையர் வந்தது தேயிலைக்கு அல்ல, கோப்பிக்கு. 1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் ஒரு துருநோய் தென்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பித் தொழில் சரிந்தது. வேலையும் கூலியும் இல்லாமல் அடிபட்டவர்கள் தொழிலாளர்கள். அராபிக்கா கோப்பி, இரண்டு காட்டுக் கோப்பி இனங்கள் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் கலந்து பிறந்த இனம். தொடக்கத்திலிருந்தே அதன் மரபணு வகை மிகக் குறுகியது என்று 2024இல் வெளிவந்த ஜீனோம் ஆய்வு காட்டியது. ஒரு செடியை வீழ்த்தும் பூஞ்சணம் மலை முழுவதையும் வீழ்த்துவதற்கு அந்தக் குறுகல் வழிவிட்டது.

தேயிலையின் ஜீனோமை 2017இல் சீன ஆய்வாளர்கள் முதன்முதலாக வெளியிட்டார்கள். அதுவும் மனிதரைப் போல 300 கோடி எழுத்தளவு. பழைய விதைத் தேயிலை மலையில் ஒவ்வொரு செடியும் ஒரு வகை. வீ.பி. தேயிலையில் ஒரு தாய்ச்செடியின் தண்டிலிருந்து நாற்று எடுப்பதால், மலை முழுவதும் ஒரே ஜீனோம் நிற்கிறது. விளைச்சல் கூடும், கூடவே ஆபத்தும் கூடும். 1946இல் இங்கே வந்த கொப்புள நோய் இன்றும் மழைக்காலத்தில் கொழுந்தைத் தின்கிறது. அதைத் தாங்கும் மரபணு ஏதோ ஒரு பழைய விதைச்செடியில் இருக்கலாம். 1925இல் தொடங்கப்பட்ட, இன்று தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் பழைய வகைகளைச் சேர்த்து வைப்பது அதற்காகத்தான். மலையைப் பிடுங்கி மறுநடுகை செய்யும்போது விதைச்செடிகளில் கொஞ்சத்தையாவது காக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதும் அதனால்தான்.

தவளைக்கும் அதே நியாயம். 2002இல் மாதவ மீகஸ்கும்புர, ரோஹான் பெத்தியாகொட முதலியோர் டீ.என்.ஏ.யையும் சேர்த்துப் பார்த்து, இச்சிறு தீவில் புதர்த்தவளை இனங்கள் நூறுக்கும் மேல் இருக்கும் என்று கணித்தார்கள். இவை தலைப்பிரட்டையாக நீந்தாமல் முட்டையிலிருந்தே தவளையாக வெளிவருபவை. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தவை வெவ்வேறு இனங்களாக இருந்தன. 1853இல் விவரிக்கப்பட்டு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் காணாமல் போயிருந்த ஓர் இனம், 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் மறுபடி அகப்பட்டது. அதே காட்டிலிருந்து 2013இல் எட்டுப் புதிய இனங்கள் விவரிக்கப்பட்டன. வட்டவளைக்கு மேலே உள்ளது அந்த மலைத்தொடர்தான். ஓர் இனம் ஒரே ஒரு சரிவில் மட்டும் வாழ்கிறது என்று தெரியாவிட்டால், "வேறு இடத்திலும் இதுதான் இருக்கிறது" என்று சொல்லி அந்தச் சரிவை வெட்டிவிடுவார்கள். வெட்டினால் தவளையோடு, லயங்களுக்கு வரும் ஊற்றுத் தண்ணீரும் போகும்.

கடைசியாக, இரத்தம் கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்பதே என் கருத்து. நம்மவர்கள் பதிவில் சேராவிட்டால் நம் பிள்ளைகளின் அறிக்கைகளில் "பொருள் உறுதியில்லை" என்பதே நீடிக்கும். ஆனால் கேட்டுத் தெரிந்த பிறகு கொடுங்கள். எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஒழுக்கவியல் குழு அனுமதி தந்தது, விளக்கமும் கையெழுத்துப் படிவமும் தமிழில் இருக்கின்றனவா, மாதிரி நாட்டுக்கு வெளியே போகுமா, நோய் அபாயம் தெரிந்தால் நமக்குச் சொல்வார்களா, பிறகு விலகிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவைக் கூடுதல் பாதுகாப்பு வேண்டிய விசேட வகையாக வைத்திருக்கிறது. துரையோ தலைவரோ சொன்னார் என்பதற்காக ஒருவரும் கை நீட்ட வேண்டியதில்லை. லயத்தில் படிவத்தை வாசித்து விளக்கக்கூடியவர் நீங்கள்தான் டீச்சர்; அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கம் திருப்தியாக இருந்தால் முதல் கையெழுத்தை நீங்களே போடுங்கள். இல்லையென்றால், மற்றவர்கள் போடுவதற்கு முன் நிறுத்துங்கள்.