திறந்த கணக்கும் திறந்த கருவியும்: கத்திவாக்கத்துக் காற்றுப் பட்டியலிலிருந்து ஒரு பாடம்

நிலம் வைத்துப் பயிரிடும் எவரும் கணக்கின் அருமையை அறிவர். அடங்கலில் ஒரு பசலிக்குத் தவறான பயிர் ஏறிவிட்டால், நிவாரணம் முதல் கூட்டுறவுக் கடன் வரையில் அதனால் விளையும் இடர் சிறிதன்று. ஆயினும் அடங்கலைக் குடியானவர் பார்க்கலாம். பிசகு கண்டவிடத்து மனுக் கொடுத்துத் திருத்திக் கொள்ளவும் செய்யலாம். நம் ஊர் எல்லையில் நிற்கும் ஆலையின் புகைக்கும் கழிவு நீருக்கும் கூடக் கணக்குகள் உண்டு. அவற்றை நம்மில் பார்த்தவர் மிகச் சிலரே. அக்கணக்கைப் பார்க்கும் வகையையும், பார்ப்பதற்கு வேண்டிய கருவியையும் பற்றிக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்களின் பொருள்

சர்க்கார் இலாகாவோ தொழிற்சாலையோ எடுத்த அளவுகளை, யாவரும் பெறவும், கணக்கிடவும், பிறருக்கு வழங்கவும் ஏற்ற வடிவில் வெளியிடுவது திறந்த தரவு எனப்படும். இந்திய சர்க்கார் 2012-ஆம் வருஷத்தில் இதற்கெனக் கொள்கை ஒன்று வகுத்து, அதற்குரிய இணையத் தளத்தையும் ஏற்படுத்திற்று.

கணினி செய்ய வேண்டுவதை அதற்கு வரிசையாய் எழுதிக் கொடுக்கும் கட்டளைத் தொகுதியே மென்பொருள். அக்கட்டளைகளை எவரும் படிக்கவும், திருத்தவும், பகிரவும் உரிமை அளித்திருந்தால் அது திறந்த மூல மென்பொருள். இதனைப் போர்டோக் கலவையைக் கொண்டு எளிதில் விளங்கிக் கொள்ளலாம். துருசு 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர் என்னும் அதன் முறை யாவரும் அறிந்தது. கலவை சரியா என்பதை, தீட்டிய கத்தியை அதில் தோய்த்து, செம்பு படிகிறதா என்று பார்த்துக் குடியானவர் தாமே சோதித்துக் கொள்வார். பெயர் மட்டும் ஒட்டிய புட்டியில் வரும் மருந்துக்கு அவ்வித வசதி இல்லை. திறந்த மூல மென்பொருள் முதல் வகையைச் சேர்ந்தது. 1991-இல் பின்லாந்தில் தொடங்கிய லினக்ஸ் அத்தகையதே. நம்மவர் சட்டைப் பையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடித்தளமும் அதுவே.

கத்திவாக்கத்துப் பட்டியல்

சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டியது கத்திவாக்கம். தனி நகராட்சியாக இருந்து 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. உர ஆலையும், மோட்டார் வாகன ஆலையும், 2017-இல் மூடப்பட்ட எண்ணூர் அனல் மின் நிலையமும் சூழ்ந்த பிரதேசம் அது. அங்கே நகராட்சிக் கல்யாண மண்டபத்தில் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்றளவை நிலையம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டிலுள்ள இத்தகைய நிலையங்களில் 2014-ஆம் வருஷம் எடுத்த அளவுகள் முழுவதும் மேற்கூறிய தளத்தில் வெளியாகியுள்ளன. அக்கோப்பின் முதல் ஐந்து வரிகள் இந்நிலையத்துக்கு உரியவை. தேதியை அடுத்து வரும் எண்கள் முறையே கந்தக டை ஆக்ஸைடு, நைட்ரஜன் டை ஆக்ஸைடு, 10 மைக்ரானுக்கு உட்பட்ட தூசி ஆகியவற்றை ஒரு கன மீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று குறிப்பன:

01-02-14: 11, 17, 55
01-07-14: 13, 17, 45
21-01-14: 12, 18, 50
23-01-14: 15, 16, 46
28-01-14: 13, 14, 42

இருபத்து நான்கு மணி நேரத்துக்கு உரிய தேசிய வரம்பு முறையே 80, 80, 100 ஆகும். இவ்வைந்து நாட்களிலும் அளவு வரம்புக்கு உட்பட்டே இருந்தது. எனவே திறந்த கணக்கு ஆலைக்குப் பகையன்று. குற்றமில்லாதவிடத்து அதையும் அதுவே காட்டும். ஆயினும் இது ஐந்து நாட்களின் கணக்கேயன்றி ஒரு வருஷத்தின் தீர்ப்பாகாது.

கணக்கைச் சரிபார்க்கும் முறை

முதலாவது, தேதி. நம் வழக்கப்படி முதல் இரண்டு வரிகளைப் பிப்ரவரி 1, ஜூலை 1 என்று படிக்கத் தோன்றும். அப்படியாயின் அவை ஜனவரி 21-க்கு முன் நிற்பதற்குக் காரணமில்லை. பஞ்சாங்கத்தைப் புரட்டினால் 2014 பிப்ரவரி 1 சனிக்கிழமை. மற்ற மூன்று வரிகளோ செவ்வாயும் வியாழனுமாய் அமைந்துள்ளன. முதலிரண்டையும் மாதத்தை முன்வைத்து ஜனவரி 2, ஜனவரி 7 என்று படித்தால் அவையும் வியாழனும் செவ்வாயுமாகப் பொருந்துகின்றன, வரிசையும் நேராகிறது. தேதி எழுதும் முறை கோப்பில் கலந்துவிட்டது என்பது இதனால் விளங்கும். இதைக் கவனியாமல் கூட்டிக் கழிப்பவர் ஜனவரி மாதத்துப் பனிக்காலக் காற்றை ஜூலை மாதத்துக் கணக்கில் ஏற்றிவிடுவார். கோப்பு பூட்டிய பீரோவில் இருந்திருந்தால் இப்பிசகு ஒருவர் கண்ணுக்கும் பட்டிராது.

இரண்டாவது, இடைவெளி. வாரம் இருமுறை அளப்பது இத்திட்டத்தின் விதி. ஜனவரி 7-க்கு அடுத்த வரியோ 21-ஆம் தேதிக்கு உரியது. இடைப்பட்ட நாட்களின் நிலையைக் கேட்பது ஊராருடைய உரிமை.

மூன்றாவது, வெறுமையான பத்தி. நுரையீரலின் அடி வரை செல்வது 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்தூசி. அதற்கென ஒரு பத்தி அக்கோப்பில் உண்டு. கோப்பு முழுவதிலும் அதில் ஓர் எண் கூட இல்லை. அம்மோனியாவுக்கோ பத்தியே இல்லை. 2009-இல் வகுத்த தேசியத் தரத்தில் அளக்க வேண்டிய 12 பொருள்களுள் அதுவும் ஒன்று; அதன் வரம்பு 400 மைக்ரோகிராம்.

இதன் பொருள் 2023 டிசம்பர் 26-ஆம் தேதி இரவு தெளிவாயிற்று. கப்பலிலிருந்து கோரமண்டல் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டு செல்லும் கடலடிக் குழாயில் பெரியகுப்பத்துக்கு அருகே கசிவு உண்டாகி, சுற்றுப்புறத்தார் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு வெளியேறினர். பலர் மருத்துவமனை சேர்ந்தனர். ஆலையின் வாயிலருகே அம்மோனியா 2,090 மைக்ரோகிராமும், கடல் நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்னும் வரம்புக்கு மாறாக 49 மில்லிகிராமும் இருந்ததாகத் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்டது. அந்த அம்மோனியா நம் வயலுக்கு வரும் கலப்பு உர மூட்டைக்கு மூலப் பொருள். ஆகவே இது மீனவர் குப்பத்தின் காரியம் என்று குடியானவர் ஒதுங்கியிருத்தல் தகாது.

கருவியும் திறந்திருக்க வேண்டுவது ஏன்?

கணக்கு திறந்திருந்தும் அளக்கும் கருவி மூடியிருந்தால் பயன் குறைவு. 2015 செப்டம்பரில் வெளிப்பட்ட வோக்ஸ்வாகன் விவகாரம் இதற்குச் சான்று. அந்நிறுவனத்து டீசல் கார்களில் இருந்த மென்பொருள், பரிசோதனை நடக்கும் வேளையை உணர்ந்து அப்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டிற்று. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் அது இருந்தது. கட்டளைகள் மூடிக் கிடந்தமையால், அமெரிக்கப் பல்கலைக் கழகம் ஒன்றைச் சேர்ந்தவர்கள் வண்டியைச் சாலையில் ஓட்டி அளந்த பின்னரே சந்தேகம் பிறந்தது. முத்திரையிட்ட தராசையே சந்தையில் நம்பும் நாம், ஆலையின் புகைமானியை இயக்கும் மென்பொருளும் ஆராயத் தக்கதாய் இருக்க வேண்டும் எனக் கோருவது நியாயமே.

கைக்கொள்ள வேண்டியவை

1. மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் 2014-இல் 17 வகை ஆலைகள் இடையறாது அளக்கும் கருவி பொருத்த வேண்டுமென உத்தரவிட்டது. உரம், அனல் மின்சாரம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு மட்டுமன்றி, சர்க்கரை, சாராய வடிப்பு, காகிதம், தோல் பதனிடல் ஆகியனவும் அவற்றுள் அடங்கும். தம் ஊர் ஆலை இவ்வகையைச் சேர்ந்ததா என்று முதலில் அறிக.

2. வெளியான கோப்பைத் திறக்க மென்பொருள் விலைக்கு வாங்க வேண்டுவதில்லை. லிபர் ஆபீஸ் என்னும் திறந்த மூல மென்பொருள் போதும். அது தமிழிலும் இயங்கும்.

3. வெளியாகாத கணக்கைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் கேட்கலாம். 30 நாட்களுக்குள் விடை தர வேண்டும். காகிதக் கட்டாக அன்றி மின்னணுக் கோப்பாகவே வேண்டுமென எழுதுக. கேட்கும் வரை காத்திராமல் தாமே வெளியிட வேண்டியவற்றை அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவு கூறுகிறது; கிராம அதிகாரிகள் அதனைத் தம் அலுவலகத்துக்கும் பொருத்திப் பார்ப்பது நலம்.

4. நாள், காற்றின் திசை, நாற்றம், கிணற்று நீரின் நிறம், பயிரின் நிலை ஆகியவற்றை ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வருக. நரம்புகளுக்கிடையே இலை வெளுப்பது கந்தகப் புகையாலும் உண்டாகும், சத்துக் குறைவாலும் உண்டாகும். ஆதலால் வேளாண்மை அலுவலரிடம் இலையைக் காட்டித் தெளிந்த பின்னரே காரணம் எழுதுக. தேதியைக் குறிக்கும்போது மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதுவது நன்று.

ஊராரின் குறிப்பும் ஆலையின் கணக்கும் அருகருகே வைத்துப் படிக்கப்படும் நாளில், வீண் பழியும் வீண் மறுப்பும் ஒருங்கே குறையும். அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு முன் தத்தம் ஊருக்குரிய பட்டியல் ஒன்றையேனும் எடுத்து, தேதி, இடைவெளி, வெறும் பத்தி ஆகிய மூன்றையும் பார்த்து வைக்குமாறு வாசகர்களைக் கேட்டுக் கொள்கிறோம்.